முடிக்காக நாங்கள் குடித்த குளிசைகளும் கீரைகளும்: திருகோணமலை அனுபவங்கள்

உவர்மலையிலிருந்து ஓர் ஆசிரியை:

டெங்குக் காய்ச்சல் விட்டு இரண்டரை மாதம் கழித்துத்தான் எனக்கு முடி கொட்டத் தொடங்கியது. காய்ச்சலோடு கொட்டியிருந்தால் காரணம் உடனே விளங்கியிருக்கும். காலையில் தலை வாரினால் சீப்பு நிறைய முடி, குளித்தால் தண்ணீர் போகும் வாயில் ஒரு பிடி. ஒரு நாள் என் சேலையின் முதுகுப் பக்கம் ஒட்டியிருந்த முடிகளை ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் தந்தாள். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

கனடாவில் இருக்கும் சித்தி கேள்விப்பட்டு, முடிக்கென்று விற்கும் பயோட்டின் என்ற விற்றமின் குளிசைப் போத்தல் இரண்டு அனுப்பினார். ஒரு குளிசையில் 10,000 மைக்கிரோகிராம். வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 30 மைக்கிரோகிராம் போதும், அது முட்டையிலும் மீனிலும் கடலையிலும் கிடைத்துவிடும் என்பதெல்லாம் அப்போது தெரியாது. மூன்று மாதம் ஒரு நாளும் தவறவில்லை.

அதற்கிடையில் நெஞ்சு படபடக்கிறது என்று குருதி சோதித்தேன். தைரொயிட் மிகையாகச் சுரக்கிறது என்று அறிக்கை வந்தது. மருந்து எழுத எடுத்த பேனாவை டொக்டர் கீழே வைத்துவிட்டு, "வேறு ஏதாவது குடிக்கிறீர்களா?" என்று கேட்டார். கைப்பையிலிருந்து போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன். நிறுத்திவிட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி சோதிக்கச் சொன்னார். இரண்டாவது அறிக்கையில் தைரொயிட்டுக்கு ஒரு குறையும் இல்லை. படபடப்பு என் பயத்தால் வந்தது. பயோட்டின் அளவுக்கு மிஞ்சினால் சில ஆய்வுகூடச் சோதனைகளின் முடிவையே மாற்றிக் காட்டும். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் அளவையும் குறைத்துக் காட்டக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்திருக்கிறது. அந்தக் கேள்வியை அவர் கேட்டிராவிட்டால் இல்லாத நோய்க்கு நான் மருந்து குடித்துக்கொண்டிருப்பேன். அதனால் சொல்கிறேன், சோதனைக்குப் போகும்போது நீங்கள் குடிக்கும் எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள்.

உண்மையான குறை அதே குருதியில் இருந்தது. உடலில் சேமிப்பாக உள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் எனக்கு 11தான். ஈமோகுளோபின் சரியாக இருந்ததால் அதுவரை யாரும் அதைத் தேடவில்லை. நான்கு மாதம் இரும்புச்சத்துக் குளிசையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு குடித்தேன். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்கும் பழக்கத்தை விட்டேன், தேநீர் இரும்பை உடலில் சேரவிடாது. இப்போது நெற்றியோரம் விரல் நீளத்துக்குப் புதுமுடி நிற்கிறது. மாதம் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்தானே வளரும். காய்ச்சலுக்குப் பின் கொட்டும் முடி பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாகவே நிற்கும் என்பதால், எல்லாப் பெருமையையும் குளிசைக்கே கொடுக்க மாட்டேன்.

சாம்பல்தீவிலிருந்து ஓர் அம்மம்மா:

பிள்ளை, நீ எழுதியதைப் பேத்தி வாசித்துக் காட்டினாள். கரிசலாங்கண்ணியை நாங்கள் கையாந்தகரை என்போம். கிணற்றடி ஈரத்தில் தானாக முளைக்கும். இலையை இடித்துப் பிழிந்து, நான்கு பங்கு சாறுக்கு ஒரு பங்கு தேங்காயெண்ணெய் சேர்த்து இரும்புத் தாச்சியில் சிறுநெருப்பில் வைப்பேன். நெருப்பு கூடினால் அடி கருகி எண்ணெய் கசந்த வாடை அடிக்கும். பதம் பார்க்கத் துணித்திரியை எண்ணெயில் தோய்த்துக் கொளுத்த வேண்டும். சடசடவென்று வெடித்தால் தண்ணீர் இன்னும் இருக்கிறது. சத்தமில்லாமல் எரிந்தால் இறக்கலாம். ஐம்பது வருடமாகக் காய்ச்சுகிறேன், ஆகையால் உள்ளதைச் சொல்கிறேன். இந்த எண்ணெய் முடியை மெதுவாக்கும், நுனி முறியாமல் காக்கும். உடம்பில் இரத்தம் குறைந்து கொட்டும் முடியை இது நிறுத்தி நான் பார்த்ததில்லை. அதற்குச் சாப்பாடுதான். முருங்கையிலை வறை, பொன்னாங்காணி, சூடை மீன், நெல்லிக்காய்.

பேத்தி கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிறாள். சித்தத்தில் சொல்லும் அன்னபேதியும் ஆஸ்பத்திரியில் தரும் இரும்புக் குளிசையில் உள்ள இரும்புச் சல்பேற்றும் ஒரே பொருள்தானாம். அன்னபேதியைப் புடமிட்டு எடுக்கும் செந்தூரம் என்ற சிவப்புத் தூளை எங்கள் பரியாரியார் சோகைக்குத் தந்தது ஏன் என்று எனக்கு இந்த வயதில்தான் விளங்கியது.

கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி:

எனக்கு நாகச் சத்தால், அதாவது சிங்க்கால் வந்த தொல்லை. சுபஹுத் தொழுகை முடிந்து வெறும் வயிற்றில் மூன்று விதக் குளிசை குடிப்பேன், பிறகு ஒரு மணி நேரம் குமட்டல். ஒரு நாள் மூன்று போத்தல்களின் லேபிளையும் பக்கத்தில் வைத்து நாகத்தை மட்டும் கூட்டினேன். 50, 15, 11. மொத்தம் 76 மில்லிகிராம். ஆணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 11, தாண்டக் கூடாத எல்லை 40. நாகம் மிகுந்தால் செம்பு உடலில் சேராது, செம்பு குறைந்தால் சோகை வரும். செலெனியம் என்ற தாதுச் சத்தும் அப்படித்தான். முடிக்கென்று விற்கிறார்கள், ஆனால் மிகுந்தால் முடியே உதிரும். 2008இல் அமெரிக்காவில் ஒரு சத்துப் பானத்தில் லேபிளில் இருந்ததைவிட ஏறக்குறைய 200 மடங்கு செலெனியம் கலந்துபோய், குடித்த பலருக்கு முடி கொட்டி நகம் நிறம் மாறியது. நான் மூன்றையும் நிறுத்திவிட்டேன். குமட்டல் அடுத்த நாளே போய்விட்டது.

மூதூரிலிருந்து:

முடிக்கென்று சொல்லி ஒருவர் கடதாசியில் மடித்துத் தந்த சிவப்புத் தூளை மகளுக்கு வாங்கினேன். என்ன உலோகம் என்று கேட்டேன், "எல்லாம் மூலிகை" என்றார். மூலிகை மட்டும் என்றால் கையில் அத்தனை பாரமாக இருக்காது. பதிவுபெற்ற சித்த வைத்தியரிடம் காட்டினோம். தயாரித்தவர் பெயரும் திகதியும் இல்லாத செந்தூரத்தைத் தன் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். இப்படிப்பட்ட தூளில் ஈயமோ பாதரசமோ இருக்கலாம். மகளுக்குப் பதினான்கு வயது.

பாலையூற்றிலிருந்து:

குழந்தைக்கு நான்கு மாதம். எனக்கும் பிடி பிடியாகக் கொட்டுகிறது. பால் கொடுக்கும்போது அக்கா சொன்ன பயோட்டின் குடிக்கலாமா?

உவர்மலை ஆசிரியை:

வேண்டாம் தங்கச்சி. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு மூன்றாம், நான்காம் மாதத்தில் கொட்டுவது இயல்பு, பெரும்பாலும் குழந்தையின் முதலாவது பிறந்தநாளுக்குள் பழையபடி வந்துவிடும். கிளினிக்குக்குப் போகும்போது ஃபெரிட்டின் பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.

சாம்பல்தீவு அம்மம்மா:

மருத்துவமாது தந்த குளிசையை விடாதே பிள்ளை. சனிக்கிழமை எண்ணெய் காய்ச்சுகிறேன். வெறும் போத்தல் ஒன்று கழுவிக் காயவைத்துக் கொண்டு வா. முருங்கையும் முறித்து வைக்கிறேன்.