மஸ்னவியை மூலத்தில் படிக்க: முதல் வரியிலேயே குழப்பம்

பேட்டை வாசகன்:
பாளையங்கோட்டையில் பத்துப் பேர் வாரம் ஒரு மாலை கூடி, பாரசீகக் கவி ரூமியின் மஸ்னவி என்ற நெடுங்கவிதையை மூலமொழியான பாரசீகத்திலேயே படிப்பதாக ஏற்பாடு. எல்லாருக்கும் அரபு எழுத்து தெரியும், பாதிப் பேருக்கு யாப்பும் தெரியும். முதல் வரி ஒரு பிரதியில் 'பிஷ்னவ் அஸ் நய்' (நாணலிடமிருந்து கேள்), இன்னொன்றில் 'பிஷ்னவ் ஈன் நய்' (இந்த நாணலைக் கேள்) என்று தொடங்குகிறது. எது மூலபாடம்? சந்தத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கொக்கிரகுளம்:
'ஈன் நய்' தான் அண்ணாச்சி. ரூமி மறைந்தது 1273இல். துருக்கியின் கோன்யாவில் உள்ள 1278ஆம் ஆண்டுப் பிரதியில் அப்படித்தான் இருக்கு. அதில் முதல் அடியில் ஷிகாயத் (முறையீடு), அடுத்த அடியில் ஹிகாயத் (கதை). இந்தியக் கல்லச்சுப் பதிப்புகளில் 'அஸ் நய்' வந்து, இந்த இரண்டு சொல்லும் இடம் மாறிக் கிடக்கும். இரண்டுமே சந்தத்துக்குப் பொருந்துவதால் சந்தத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

சந்தம், அரபு-பாரசீக யாப்பின் வாய்பாட்டில் சொன்னா, ஃபாயிலாதுன் ஃபாயிலாதுன் ஃபாயிலுன். நம்ம கணக்கில் கூவிளங்காய் கூவிளங்காய் கூவிளம்! பிஷ்/நவீன்/நய், சுன்/ஷிகா/யத், மீ/குனத். 'நவ்', 'ஈன்' என்று பிரித்து வாசித்தால் முதல் சீரே போச்சு. மெய்மேல் உயிர் ஏறணும்.

ஒப்புமை இதோடு நிற்கும். நமக்கு இரண்டு குறில் சேர்ந்தாலும் நிரை. அங்கே இந்தச் சந்தத்தில் இரண்டாவது நெட்டசையாகவே (நீண்டு ஒலிக்கும் அசை; குறுகியது குற்றசை) இருக்கணும். 'யார்' நமக்கு ஒரு நேரசை. அங்கே அடியின் நடுவில், பின்னால் உயிர் வராவிட்டால் அது நெட்டசையும் குற்றசையுமாக இரண்டு. 'ஆன்', 'ஈன்' போல நெடிலும் னகரமும் சேர்ந்து முடிந்தால் மட்டும் ஒன்று.

மேலப்பாளையத்தார்:
இஸாஃபத்தை விட்டுட்டீங்களே. அதாவது இரு சொல்லை இணைக்கிற 'எ'; அது பெரும்பாலும் எழுத்தில் வராது. ஜபர், ஜேர் என்ற உயிர்க்குறிகள் எல்லாம் போட்ட அரபுத்தமிழில் (அரபு எழுத்தில் எழுதும் தமிழ்) பழகிய கண்ணுக்கு இதுதான் பெரிய இடறல். ஆறாம் ஈரடியை எடுங்க: 'அஸ் தரூனெ மன் நஜுஸ்த் அஸ்ராரெ மன்'. 'னெ' நெட்டசையாக நீளும், 'ரெ' குற்றசையாகவே நிற்கும். ஒரே அடியில் இரண்டும். முதலில் பென்சிலால் ஜேர் போடச் சொல்லுங்க, பிறகு அசை பிரிக்கலாம். மாற்றிச் செய்தா ஓரசை குறையும், எங்கே குறைஞ்சதுன்னும் பிடிபடாது. ஸே, ஸீன், ஸாத் என்ற எழுத்துகள் மூன்றுமே பாரசீகத்தில் ஒரே ஒலி. மக்ரஜ் (எழுத்தின் பிறப்பிடம்) பார்த்து ஓத வேண்டியதில்லை.

தென்காசிக்காரர்:
மொழிபெயர்க்கும்போது 'நய்' என்பதைப் புல்லாங்குழல் ஆக்கிடாதீங்க. அது நாணல். அடுத்த ஈரடியிலேயே நயிஸ்தான், அதாவது நாணற்காடு, வருது; அங்கிருந்து அறுத்ததுதான் அழுகைக்குக் காரணம். புல்லாங்குழல்னு எழுதினா நம்ம ஊரில் கண்ணன் வந்து நின்னுருவான். 'ஊ' (அவன், அவள்) என்ற சொல்லுக்கு ஆண், பெண் பேதம் கிடையாது. 'அவர்' போட்டா பால் சிக்கல் தீரும், ஆனா மரியாதை வந்து ஒட்டிக்கும். முதல் 18 ஈரடிக்கு ஆறு வாரம் ஒதுக்குங்க. ஒரு மாலைக்கு மூன்றுக்கு மேல் போனா இஸாஃபத்து விடுபடும்.