புதன் இரவு லண்டன் எமிரேட்ஸ் ஸ்டேடியத்தில் லீக் கப் கால்பந்து ஆட்டம்: ஹாரோவிலிருந்து பையனோடு போய்வர வழி?

வடக்குவாசல்:
ஆர்செனல் லீக் கப் ஆட்டத்துக்கு மெம்பர்ஷிப்பில் ரெண்டு டிக்கெட் கிடைச்சிருக்கு. புதன் இரவு 8 மணி கிக்-ஆஃப். நார்த் பேங்க் (கோலுக்குப் பின்னாடி வடக்கு ஸ்டாண்ட்), லோயர் டியர் (கீழ் அடுக்கு). பையனுக்கு 10 வயசு, மறுநாள் ஸ்கூல். ஹாரோ-ஆன்-த-ஹில்லில் இருந்து டியூப்தான். எங்கே இறங்குறது, திரும்பி வரும்போது எங்கே ஏறுறது? தோள்பை கொண்டுபோகலாமா?

மூணாம்பிளாட்பாரம்:
பேரைப் பார்த்து ஆர்செனல் ஸ்டேஷனிலேயே இறங்கத் தோணும் (1932 வரைக்கும் அதுக்கு கில்லஸ்பி ரோடுன்னு பேர்). போகும்போது பரவாயில்லை. திரும்பும்போது வேண்டாம். அங்கே எஸ்கலேட்டரும் இல்லை, லிஃப்டும் இல்லை. நீளமான ஒரு சரிவுச் சுரங்கம்தான் வழி. ஆட்டம் முடிஞ்சதும் வாசலிலேயே கூட்டத்தை நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமா விடுவாங்க. ஹாலோவே ரோடு ஸ்டேஷனைக் கணக்கிலேயே எடுக்காதீங்க. அது லிஃப்டை நம்பி ஓடுற ஸ்டேஷன், ஆட்ட நாளில் கட்டுப்பாடு இருக்கும்.

போக: மெட்ரோபாலிட்டன் லைனில் கிங்ஸ் கிராஸ், அங்கே விக்டோரியா லைனுக்கு மாறி வடக்கே ஒரே ஸ்டாப், ஹைபரி அண்ட் இஸ்லிங்டன். ஏறக்குறைய 50 நிமிஷம். அதுக்கு மேல 15 நிமிஷ நடை. வழி கேட்கவே வேண்டாம், சிவப்பு ஸ்கார்ஃப் போற பக்கம் போனா போதும்.

திரும்ப: நார்த் பேங்கில் இருந்து வெளியே வந்தா கால் தானா வடக்கே, ஃபின்ஸ்பரி பார்க் பக்கம் இழுக்கும். நீங்க மைதானத்தைச் சுற்றி தெற்கே வந்து மறுபடி ஹைபரிக்கே போங்க. அங்கேயும் விக்டோரியா லைனுக்கு வரிசை நிற்கும். நீங்க ஓவர்கிரவுண்டில் (தரைமேல் ஓடுற ரயில்), மைல்ட்மே லைனில் ஏறணும். ரிச்மண்ட், கிளாபம் ஜங்ஷன் ரெண்டில் எது வந்தாலும் சரி. ஸ்ட்ராட்ஃபோர்டு போறதில் மட்டும் ஏறிடாதீங்க. சுமார் 20 நிமிஷத்தில் வெஸ்ட் ஹாம்ப்ஸ்டெட். வெளியே வந்து அதே தெருவில் சில நிமிஷம் நடந்தா ஜூபிலி லைன். வெம்ப்ளி பார்க்கில் மெட்ரோபாலிட்டனுக்கு மாறினா வீடு.

வெஸ்ட் ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு கேட்டில் வெளியேறி இன்னொரு கேட்டில் நுழையுறீங்க. ரெண்டிலும் ஒரே கார்டைத் தட்டினா ஒரே பயணமாத்தான் கணக்காகும். ஒன்றில் கார்டு, இன்னொன்றில் போன்னு மாத்தித் தட்டினா ரெண்டு தனிப் பயணமாகி ரெண்டு கட்டணம் பிடிப்பாங்க. நிறைய பேர் ஏமாறுற இடம் இதுதான். ஸோன் 1-ஐ (நகர மையப் பகுதி) தொடாததால கட்டணமும் குறைவு. 10 வயசு வரைக்கும் பெரியவரோடு வந்தா டியூபும் ஓவர்கிரவுண்டும் இலவசம்; பையனை அகலமான கேட் வழியா கூட்டிட்டுப் போங்க.

அன்னைக்கு வெம்ப்ளி ஸ்டேடியத்திலும் ஏதாவது நிகழ்ச்சி இருக்கான்னு முன்னாடியே பாருங்க. இருந்தா வெம்ப்ளி பார்க் பக்கம் தலைவைக்க வேண்டாம், கிங்ஸ் கிராஸ் வழிதான்.

யாழ்விங்கர்:
பை A4 தாளை விடப் பெரிசெண்டால் உள்ளே விடமாட்டினம். வீட்டிலயே வைச்சிட்டு வாங்கோ. தண்ணிப் போத்தலின்ர மூடியைக் கழட்டி வாங்கிப்போடுவினம், ஏனெண்டால் மூடியோட நிரம்பின போத்தல் எறிஞ்சால் கல்லு மாதிரி. உள்ளே காசு எடுபடாது, கார்ட் மட்டும்தான். இடைவேளை 15 நிமிசம். சாப்பாடு வேணுமெண்டால் 40ஆவது நிமிசத்துக்கு முதலே எழும்பிப் போங்கோ. பியரை இருக்கைக்குக் கொண்டு வரேலாது, ஆடுகளம் தெரியிற இடத்தில குடிக்கிறதை 1985ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்குது.

முக்கியமான விசயம் ஒண்டு. கோலுக்குப் பின்னால லோயர் டியரில சனம் எழும்பி நிண்டுதான் பாக்கும். பத்து வயசுப் பிள்ளைக்கு முன்னால் நிற்கிறவையின்ர முதுகுதான் தெரியும். இருக்கைக்கு மேல ஏற ஸ்டூவர்ட் விடமாட்டார். உங்கட ரெண்டு இருக்கையில் ஒண்டு நடைபாதை ஓரமெண்டால் மகனை அதில விடுங்கோ, இடைவெளியால் பாப்பான். முன்வரிசை எண்டால் கூரை முழுசா மூடாது, மழைக்கு ஒரு ஜக்கெற். காலுக்கு ரெண்டு சோடி சொக்ஸ். கொங்கிறீற்றில ரெண்டு மணித்தியாலம் நிண்டால் குளிர் கீழயிருந்துதான் ஏறும்.

வடக்குவாசல்:
ரெண்டு பேருக்கும் நன்றி. எக்ஸ்ட்ரா டைம், பெனால்டின்னு இழுத்தா எத்தனை மணிக்கு வெளியே வருவோம்? ரெண்டு டிக்கெட்டும் என் போனிலேயேதான் இருக்கு, பிரச்சினையா?

ஆஃப்சைடு_ஆறுமுகம்:
எந்த கப், எந்தச் சுற்றுங்கிறதைப் பொறுத்தது. லீக் கப்பில் அரையிறுதிக்கு முந்தைய சுற்றுகளில் எக்ஸ்ட்ரா டைமே கிடையாது. 90 நிமிஷம் முடிஞ்சு சமமா இருந்தா நேரா பெனால்டி. 8 மணிக்கு ஆரம்பிச்சா 9.50-க்கு விசில், பெனால்டி வந்தா 10.10 வாக்கில் முடியும். அந்தச் சுற்றுகளில் வி.ஏ.ஆரும் (வீடியோ நடுவர்) இல்லாததால அதில் நேரம் போகாது. அரையிறுதி ரெண்டு ஆட்டம். முதல் ஆட்டம் டிராவானாலும் அப்படியே விட்டுவிடுவாங்க, ரெண்டாவதில்தான் எக்ஸ்ட்ரா டைம். எஃப்.ஏ. கப் வேற மாதிரி. 2024-25-லிருந்து ரீப்ளேயை (சமமானா இன்னொரு நாள் மறு ஆட்டம்) எடுத்துட்டதால அன்னைக்கே முடிவு தெரியணும்: எக்ஸ்ட்ரா டைமோடு 10.30, பெனால்டியோடு 10.45-ஐத் தாண்டும்.

புதன்கிழமை நைட் டியூப் (விடிய விடிய ஓடுற ரயில்) கிடையாது, அது வெள்ளி, சனி இரவுகளில் மட்டும். மெட்ரோபாலிட்டனில் என்னைக்குமே இல்லை. 10.10-க்கு வெளியே வந்தா அவசரமே வேண்டாம். ஆனா ஓவர்கிரவுண்ட் டியூப் மாதிரி ரெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணு வராது. ஆப்பில் அடுத்த ரயிலைப் பார்த்துட்டு நடங்க.

போன் விஷயம்: டிக்கெட்டை ரீடரில் தட்டணும், ஸ்கிரீன்ஷாட் வேலைக்காகாது. சும்மா போனை நீட்டினா போனில் இருக்கிற வாலட் ஆப் வேற கார்டையோ உங்க டிக்கெட்டையோ எடுத்துக் கொடுக்கலாம். முதலில் பையன் டிக்கெட்டைத் திரையில் திறந்து தட்டி அவனை உள்ளே அனுப்புங்க, அப்புறம் உங்களோடதைத் திறங்க. டர்ன்ஸ்டைலில் ஒருத்தர்தான் நுழைய முடியும். நீங்க முதலில் போயிட்டா பையன் வெளியே, டிக்கெட் உங்க கையில். வாலட்டில் ஏத்துற வேலையை வீட்டிலேயே முடிங்க, 60,000 பேர் கூடுற இடத்தில் நெட் நகராது.