போர்ட் ஃபார்வர்ட் போட்டும் வெளிய இருந்து டிவிஆர் ஓப்பன் ஆகல, அவசரம்

கேபிள்தம்பி
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுல டிவிஆர் (கேமரா வீடியோவ ரெக்கார்ட் பண்ற பெட்டி) இருக்கு, நாலு கேமரா. ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங் (வெளிய இருந்து வர்றத டிவிஆருக்குத் திருப்பி விடற ரூல்) போட்டுட்டேன், வீட்டு வைஃபைல சூப்பரா வருது, வெளிய போய் மொபைல் டேட்டால பார்த்தா சுத்திக்கிட்டே இருக்கு, கடைசில எரர். ரூல அழிச்சு திரும்பப் போட்டேன், ரவுட்டர ரீஸ்டார்ட் பண்ணேன், ஒண்ணும் நடக்கல. அம்மா அப்பா மட்டும்தான் வீட்டுல, நான் நாளைக்கு ஊருக்குக் கிளம்பணும், எந்த செட்டிங்க மாத்தணும்னு யாராவது சொல்லுங்க ப்ளீஸ்

ராக்கோழி
எந்த போர்ட்? டிவிஆரோட ஐபி என்ன? வெளிய இருந்து எந்த அட்ரஸ் அடிக்கிறீங்க? வீட்டுல ஒரே ரவுட்டர்தானா, இல்ல ஃபைபர் பாக்ஸ் தனி ரவுட்டர் தனியா?

மின்கம்பி
டிவிஆர் ஐபி மாறியிருக்கும் ப்ரோ, பத்துல எட்டு பேருக்கு இதான் பிரச்சனை. கரண்ட் போய் வந்தா ரவுட்டர்ல ஐபி பிரிச்சுக் குடுக்கற டிஹெச்சிபி வேற நம்பர் குடுத்துடும், ரூல் பழைய நம்பருக்கே அனுப்பிக்கிட்டு இருக்கும். டிவிஆரோட மேக் அட்ரஸ (அதோட ஹார்ட்வேர் நம்பர்) வச்சு, எப்பவும் ஒரே ஐபி கிடைக்கற மாதிரி ரிசர்வேஷன் போட்டுடுங்க, சரியாயிடும்

பாக்கெட்பிடி
என்ன எரர்னு சொல்லுங்க நண்பா, அதுலயே பாதி விடை இருக்கு. கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டுன்னு உடனே வந்தா பாக்கெட் எங்கயோ போய்ச் சேர்ந்து அங்க இருந்து திருப்பி அனுப்புறாங்கன்னு அர்த்தம். ரொம்ப நேரம் சுத்தி டைம் அவுட் ஆனா பதிலே வரல. அப்புறம் டிவிஆர்ல நெட்வொர்க் பக்கத்துல கேட்வே (வெளிய போற வழி, அதாவது ரவுட்டரோட ஐபி) என்ன இருக்குன்னு பாருங்க. நிறைய பேர் ஸ்டாட்டிக் ஐபிய கையால போட்டுட்டு கேட்வேய காலியா விட்டுடுறாங்க. வீட்டுக்குள்ள இருக்கற ஃபோனோட பேச கேட்வே தேவையே இல்ல, அதனால வைஃபைல ஓடும், வெளிய இருந்து வர்றதுக்குப் பதில் அனுப்ப மட்டும் வழி தெரியாம நிக்கும்.

மூத்த_அட்மின்
இதே கேள்விக்கு நான் எத்தன தடவ பதில் சொல்லியிருக்கேன், யாரும் தேடிப் படிக்கறதில்ல. அடிப்படையப் புரிஞ்சுக்காம ரவுட்டர்ல கை வைக்காதீங்க தம்பி. வெளிய இருந்து வர்ற பாக்கெட் உங்க ரவுட்டர் வரைக்கும் வந்தாத்தான் அந்த ரூலுக்கே வேலை. ரவுட்டர் ஸ்டேட்டஸ் பக்கத்துல இருக்கற வான் ஐபிய, அதாவது ரவுட்டரோட வெளிப்பக்க ஐபியப் பாருங்க, உங்க ஐபி என்னன்னு காட்டுற சைட்ல வர்றதையும் பாருங்க. ரெண்டும் ஒண்ணா இல்லையா? அதச் சொல்லிட்டு மத்ததப் பேசுங்க.

மின்கம்பி
ரிசர்வேஷன் போட்டுப் பார்த்தீங்களா

கேபிள்தம்பி
டைம் அவுட்தான். போர்ட் 8000, 554. டிவிஆர் 192.168.0.105, இப்பக்கூட அதேதான், கேட்வே 192.168.0.1. ரவுட்டர்ல வான் ஐபி 192.168.1.2னு போட்டிருக்கு, சைட்ல சுத்தமா வேற நம்பர். ஃபைபர் பாக்ஸ் தனியாத்தான் இருக்கு

ராக்கோழி
அப்ப டபுள் நாட், அதாவது உள் ஐபிய வெளி ஐபியா மாத்தற வேலை (நாட்) ரெண்டு பெட்டியில நடக்குது. 192.168ல ஆரம்பிக்கறது பிரைவேட் அட்ரஸ், வான் பக்கத்துல அது வந்தா உங்க ரவுட்டருக்கு முன்னாடி இன்னொரு ரவுட்டர் உக்காந்திருக்குன்னு அர்த்தம், அதாவது அந்த ஃபைபர் பாக்ஸ். அத பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலை பண்ணாம அப்படியே கடத்தி விடற மோடு) மாத்தணும், இல்லன்னா அதுலயும் அதே போர்ட்டுகள 192.168.1.2க்கு ஃபார்வர்ட் பண்ணணும். ஆனா எதையும் மாத்தறதுக்கு முன்னாடி 192.168.1.1ல லாகின் பண்ணி அந்த பாக்ஸோட வான் ஐபி என்னன்னு பார்த்துச் சொல்லுங்க.

சும்மாபார்வை
அப்படியே 8000ஐ வெளிப்பக்கம் 48213 மாதிரி ஏதாவது போர்ட்டா மாத்திடுங்க, யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க

பாக்கெட்பிடி
இத நம்பி யாரும் டிவிஆரத் திறந்து வைக்காதீங்க. ஒரு கிகாபிட் லைன் இருந்தா ஒரு போர்ட்டுக்கு மொத்த ஐபிவி4 (பழைய ஐபி முறை) இண்டர்நெட்டையும் 45 நிமிஷத்துக்குள்ள தட்டிப் பார்த்துடலாம்னு 2013லயே ஸீமேப்ங்கற ஸ்கேனர் காட்டிடுச்சு. 2016ல மிராய்ங்கற மால்வேர் பிடிச்சதுல நிறைய இப்படித் திறந்து கிடந்த டிவிஆரும் கேமராவும்தான், டெல்நெட்ல (தூரத்துல இருந்து லாகின் பண்ற பழைய வழி) போய் 60 சொச்சம் ஃபேக்டரி பாஸ்வேர்ட வரிசையாப் போட்டுப் பார்த்துச்சு, அவ்வளவுதான். அந்த வருஷம் அக்டோபர்ல டைன்ங்கற டிஎன்எஸ் கம்பெனி (சைட் பேருக்கு ஐபி சொல்ற வேலை) மேல அத வச்சு நடந்த தாக்குதல்ல ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் நிறைய பேருக்கு ஓப்பனே ஆகல.

சும்மாபார்வை
அது டெல்நெட், ஃபேக்டரி பாஸ்வேர்ட். நான் சொல்றது வேற. என் சர்வர்ல எஸ்எஸ்ஹெச்ச (தூரத்துல இருந்து பாதுகாப்பா லாகின் பண்ற வழி) போர்ட் 22ல இருந்து மாத்தின அன்னைக்கே லாக்ல வந்த குப்பை முக்கால்வாசி நின்னுடுச்சு, அது பிரயோஜனம் இல்லையா?

பாக்கெட்பிடி
குப்பை குறையும், ஒத்துக்கறேன். எஸ்எஸ்ஹெச்ல கீ போட்டு வச்சிருப்பீங்க, அப்டேட் வருது, அதனால தாங்குது. டிவிஆர்ல ஃபர்ம்வேர் (உள்ள ஓடற சாஃப்ட்வேர்) அப்டேட் கடைசியா எப்ப வந்துச்சு? அதுல ஒரு ஓட்டை இருந்தா 48213 வழியாவும் அதே ஓட்டைதான்.

மூத்த_அட்மின்
ரெண்டு பேரும் தனி இழை போட்டு அங்க பேசுங்க. கேட்டவருக்கு இன்னும் விடை கிடைக்கல.

கேபிள்தம்பி
ஃபைபர் பாக்ஸ்ல 100.72னு ஆரம்பிக்குது. இது பப்ளிக் ஐபி தானே?

மூத்த_அட்மின்
இல்ல. 100.64.0.0ல இருந்து 100.127.255.255 வரைக்கும் சிஜிநாட்டுக்குன்னே (நெட் கம்பெனி தன் பக்கத்துல போடற நாட்) 2012ல ஒதுக்கினது. ஐபிவி4ல மொத்தமே 429 கோடி அட்ரஸ்தான், உலகம் முழுக்க அட்ரஸ் ஒதுக்கற ஐயானா கையிருப்பு 2011 பிப்ரவரிலயே காலி. அதனால நெட் கம்பெனி ஒரு பப்ளிக் ஐபிய பல வீட்டுக்குப் பங்கு போட்டுக் குடுக்குது. வெளிய இருந்து வர்ற கனெக்‌ஷன் அவங்க பெட்டியிலயே நின்னுடும், அங்க உங்களால ரூல் போட முடியாது. உங்க வீட்டுல எந்த செட்டிங்க மாத்தினாலும் ஐபிவி4ல இது வராது. பப்ளிக் ஐபி தருவாங்களான்னு கேளுங்க.

மின்கம்பி
டிடிஎன்எஸ் போட்டா வருமே

ராக்கோழி
வராது ப்ரோ. டிடிஎன்எஸ் பேரையும் நம்பரையும் சேர்த்து வைக்கும், அந்த நம்பரே பொதுவானதா இருக்கறப்ப பேரு மட்டும் என்ன பண்ணும்.
கேபிள்தம்பி, நாளைக்கே கிளம்பணும்னா கம்பெனி பதிலுக்குக் காத்திருக்காதீங்க. வீட்டுல எப்பவும் ஆன்ல இருக்கற ஒரு மெஷின்ல டெயில்ஸ்கேல்ங்கற விபிஎன் ஆப் போட்டு, 192.168.0.0/24ஐ (உங்க வீட்டு நெட்வொர்க் முழுசும்) சப்நெட் ரூட்டா அறிவிச்சுடுங்க, ஃபோன்லயும் அதே அக்கவுண்ட்ல போடுங்க. ரெண்டு பக்கமும் உள்ள இருந்து வெளிய போற கனெக்‌ஷன்தான், அதனால சிஜிநாட் மறிக்காது. அதுவும் 100ல ஆரம்பிக்கற ஐபிதான் குடுக்கும், குழம்பிடாதீங்க. ஃபோன் ஆப்ல டிவிஆரோட பழைய 192.168.0.105ஐயே போட்டா போதும். முக்கியமா, போட்ட ஃபார்வர்டிங் ரூல் ரெண்டையும் எடுத்துடுங்க, யூபிஎன்பி (டிவைஸ் தானாவே ரவுட்டர்ல போர்ட் திறக்கற வசதி) ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணுங்க. நாளைக்குக் கம்பெனி பப்ளிக் ஐபி குடுத்து, ஃபைபர் பாக்ஸும் பிரிட்ஜ் மோடுக்கு மாறிட்டா மறந்துபோன ரூல் வழியா டிவிஆர் நேரா வெளிய தெரியும்.

கேபிள்தம்பி
பழைய லேப்டாப்ல லினக்ஸ் இருந்துச்சு, அதுல போட்டேன். லேப்டாப் பிங் ஆகுது, டிவிஆர் வரல

பாக்கெட்பிடி
லேப்டாப்ல ஐபி ஃபார்வர்டிங் (மத்த டிவைஸுக்கு வர்ற பாக்கெட்டக் கடத்தி விடற செட்டிங்) ஆன் பண்ணீங்களா? டெயில்ஸ்கேல் அட்மின் பக்கத்துலயும் அந்த ரூட்டுக்கு அப்ரூவல் குடுக்கணும், அறிவிச்சா மட்டும் வேலைக்கு ஆகாது. லேப்டாப் மூடியை மூடினா ஸ்லீப் போகாத மாதிரியும் வச்சுடுங்க.

கேபிள்தம்பி
அப்ரூவல்தான் குடுக்கல. இப்ப மொபைல் டேட்டால நாலு கேமராவும் வருது. ரூல் எடுத்துட்டேன். எல்லாருக்கும் ரொம்ப நன்றி, பஸ்ஸுக்கு நேரமாச்சு

சும்மாபார்வை
எனக்கும் வான்ல 100.80னு வருது, ஆனா ஐபிவி6 (புது ஐபி முறை) அட்ரஸும் இருக்கு. அது வழியா நேரா வர முடியுமா?

ராக்கோழி
முடியும், அங்க நாட் கிடையாது. ரவுட்டரோட ஐபிவி6 ஃபயர்வால்ல அந்த டிவைஸுக்கு மட்டும் வழி திறக்கணும். நீங்க வெளிய போற நெட்டுலயும் ஐபிவி6 இருக்கணும். டிவிஆருக்கு மட்டும் இதப் பண்ணாதீங்க, வயர்கார்ட்ங்கற விபிஎன் சர்வருக்கு யூடிபி போர்ட் 51820ஐத் திறந்து அது வழியா உள்ள வாங்க.