தெர்மாமீட்டர் உடைந்ததற்கு இத்தனை அலறலா?

ரசகுண்டு: நேற்று வீட்டில் காய்ச்சல் பார்க்கிற பழைய பாதரசத் தெர்மாமீட்டர் கைநழுவி உடைந்தது. மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே ஓடிவிட்டாள். பள்ளி ஆய்வகத்தில் பாதரசத்தை உள்ளங்கையில் உருட்டி விளையாடியவன் நான். ஒரு லிட்டர் பதின்மூன்றரைக் கிலோ. சின்ன சீசாவைத் தூக்கினாலே கை தானாகக் கீழே இறங்கும். நாற்பது வருடமாகக் கல்லு மாதிரி இருக்கிறேன். எதற்கு இந்தப் பதற்றம்?

வேதிக்காரி: கையில் உருட்டியதால் தப்பித்தீர்கள் ஐயா. உலோகப் பாதரசம் தோல் வழியாக அதிகம் ஏறாது. விழுங்கினால்கூடக் குடல் உறிஞ்சுவது 0.01 சதவீதத்துக்கும் குறைவு. வில்லங்கம் ஆவியில்தான். மூச்சில் இழுத்த ஆவியில் சுமார் 80 சதவீதம் ரத்தத்தில் கலந்து மூளைவரை போகும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தொப்பி செய்ய ரோமத்தைப் பாதரச நைட்ரேட்டில் ஊறவைத்த காலத்தில், அந்தத் தொழிலாளிகளுக்குக் கை நடுக்கமும் மனக்குழப்பமும் வந்தது இப்படித்தான்.

ரசகுண்டு: அவர்கள் வருடக்கணக்கில் அதிலேயே கிடந்தவர்கள். தெர்மாமீட்டரில் இருப்பது ஒரு கிராம்கூடத் தேறாது.

மினமாட்டா56: ஜப்பானில் மினமாட்டாவில் என்ன நடந்தது தெரியுமா? பாதரசம் கலந்த ஆலைக் கழிவு கடலில் கலந்து, மீன் வழியாக ஊரே முடங்கியது. நோய் வெளியே தெரிந்தது 1956இல். 1996இல் கேரன் வெட்டர்ஹான் என்ற வேதியியலாளரின் கையுறையில் பாதரசச் சேர்மம் ஒன்று சில சொட்டு பட்டது, அடுத்த வருடமே இறந்துபோனார். சும்மா விளையாட்டா இது?

ரசகுண்டு: தம்பி, முன்னது மெத்தில் பாதரசம், பின்னது டைமெத்தில் பாதரசம். தெர்மாமீட்டரில் இருப்பது வெறும் உலோகப் பாதரசம், அந்தச் சேர்மங்கள் இரண்டுமே கிடையாது. எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

வேதிக்காரி: இதில் ரசகுண்டு ஐயா சொல்வது சரி. மினமாட்டாவைக் காட்டி தெர்மாமீட்டருக்குப் பயமுறுத்துவது தப்பு. ஆனால் ஒரு கிராம்தானே என்பதும் தப்பு. சிஎஃப்எல் பல்பில் இருப்பது ஐந்து மில்லிகிராமுக்குள். இது அதைப்போல நூறு மடங்குக்கு மேல். தரையிடுக்கில் புகுந்த குண்டுமணி மாதக்கணக்கில் ஆவி விட்டுக்கொண்டே இருக்கும்.

சும்மாகேட்கிறேன்: நடுவில் ஒரு சந்தேகம். என் கடைவாய்ப் பல்லில் வெள்ளி அடைத்திருக்கிறது. பாதிக்குப் பாதி பாதரசமாமே, பிடுங்கிவிடவா?

வேதிக்காரி: நன்றாக இருந்தால் தொடாதீர்கள். குடைந்து எடுக்கும்போதுதான் ஆவி அதிகம் வரும்.

ரசகுண்டு ஐயா, சிந்தியதை எப்படி எடுத்தீர்கள்? கெட்டி அட்டையால் ஒன்றாகத் தள்ளி, டார்ச்சைத் தரையோடு சாய்த்து அடித்தால் மிச்சக் குண்டெல்லாம் மின்னும். ஒட்டுநாடாவால் ஒற்றி எடுத்து, சீசாவில் இறுக மூடி, அபாயக் கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுக்க வேண்டும். தங்க மோதிரத்தை முதலிலேயே கழற்றிவிடணும், பட்டால் வெளுத்துப்போகும்.

ரசகுண்டு: அவ்வளவு வேலை எதற்கு? வாக்குவம் கிளீனரை வைத்து ஒரே இழுப்பு. அரை நிமிடம்.

வேதிக்காரி: ஐயோ, அதைத்தான் செய்யவே கூடாது. மோட்டார்ச் சூட்டில் அது ஆவியாகி, பின்பக்கக் காற்றோடு அறை முழுக்கப் பரவும். அதற்குப் பிறகு மெஷினை ஓட்டினீர்களா?

ரசகுண்டு: இன்று காலை. பேரன் படுக்கிற அறையில்.

வேதிக்காரி: பிள்ளையை உடனே அங்கிருந்து வெளியே கொண்டுவாருங்கள். அந்த அறை ஜன்னலைத் திறந்து, கதவைச் சாத்திவிடுங்கள். மெஷினைத் திறக்காமல் அப்படியே வீட்டுக்கு வெளியே வையுங்கள். பிறகு நஞ்சு ஆலோசனை எண்ணுக்குப் போன் போட்டு, நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

ரசகுண்டு: போகிறேன். மருமகளிடம் நீங்களே பேசுகிறீர்களா?