பெரியப்பாவின் பி.பி.சி. மைக்ரோ: முதலில் எதைக் காப்பாற்றுவது?

வைகை மீனா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் பெரியப்பா சென்ற ஆண்டு மதுரையில் காலமானார். அவருடைய வீட்டுப் பரணை ஒழித்தபோது, பழைய வேட்டியில் சுற்றிய பி.பி.சி. மைக்ரோ கணினி ஒன்று கிடைத்தது. மாடல் பி, 32 கிலோபைட் நினைவகம் கொண்டது. மத்திய அரசு 1984-85இல் தொடங்கிய ‘கிளாஸ்’ என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தின்கீழ் அவருடைய பள்ளிக்கு வந்தவற்றுள் ஒன்று இது. பின்னாளில் பள்ளி இவற்றைக் கழித்தபோது, பழைய சாமான் விலை கொடுத்து இதை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார் என்று பெரியம்மா சொல்கிறார்.

பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் தேநீர் நிறத்துக்கு மஞ்சளித்திருக்கிறது. விசைகள் எல்லாம் நன்றாக அழுந்துகின்றன. மேல்வரிசையிலுள்ள பத்துச் சிவப்பு விசைகளுக்கு மேலே இருக்கும் கண்ணாடி போன்ற பட்டைக்கு அடியில், பெரியப்பா தம் கையால் தமிழில் எழுதிச் செருகிய காகிதத் துண்டு அப்படியே இருக்கிறது. ‘உயிர்’, ‘மெய்’, ‘அழி’, ‘அடுத்த கணக்கு’ என்பவை படிக்க முடிகின்றன, மற்றவை மங்கிவிட்டன. கணினியோடு ஒரு கட்டம் போட்ட நோட்டும் இரண்டு கேசட்டுகளும் இருந்தன. நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் எட்டுக்கு எட்டுக் கட்டங்களுக்குள் தமிழ் எழுத்துகள் நிரப்பப்பட்டு, அருகே எட்டு எட்டாக எண்கள் எழுதப்பட்டுள்ளன. கேசட் ஒன்றின் மேல் ‘எழுத்து 3’ என்றும் மற்றொன்றின் மேல் ‘பின்னம், ஆறாம் வகுப்பு’ என்றும் இருக்கிறது.

இதை மின்சாரத்தில் செருகிப் பார்க்கலாமா? பெட்டியின் மஞ்சளை நீக்க வேண்டுமா? பொறியியல் படிக்கும் என் மகன், உள்ளே இருப்பவற்றை எடுத்துவிட்டு ‘ராஸ்பெரி பை’ என்ற சின்னஞ்சிறு நவீனக் கணினியைப் பொருத்தினால் இன்றைக்கும் பயன்படும் என்கிறான். என் மனம் அதற்கு ஒப்பவில்லை. ஆனால் மீண்டும் பரணில் ஏற்றி வைப்பதும் அவருக்குச் செய்யும் மரியாதையாகத் தோன்றவில்லை. விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

ஈயப்பற்று எழுதியது:

சகோதரி, வணக்கம். இப்போதைக்குத் தயவுசெய்து செருகாதீர்கள். இந்தக் கணினியின் பவர் சப்ளைக்குள், மின்சாரம் நுழையும் இடத்தில், இரைச்சலை வடிகட்டுவதற்கென்று தேன் நிற எபாக்சி உறைக்குள் உலோகம் பூசிய காகிதத்தைச் சுருட்டி வைத்த மின்தேக்கிகள் இருக்கும். நாற்பது ஆண்டுகளில் அந்த உறையில் மயிரிழை போன்ற விரிசல்கள் விழுந்து, காற்றின் ஈரத்தைக் காகிதம் உறிஞ்சிக்கொள்ளும். அந்த நிலையில் 230 வோல்ட் கொடுத்தால், சில நிமிடங்கள் கணினி நன்றாக ஓடியதுபோல இருந்துவிட்டு, திடீரென்று வெடியோசையுடன் வீடு முழுவதும் புகை பரவும். புகையின் நாற்றம் போக நாளாகும் என்பதை அனுபவித்தவனாகச் சொல்கிறேன். பெரும்பாலும் மற்ற பாகங்களுக்குச் சேதம் வராது என்றாலும், வீட்டுக்குள் அந்த ஆபத்தை வரவழைக்க வேண்டியதில்லை.

மேல்மூடியைக் கழற்றுவது எளிது. ‘ஃபிக்ஸ்’ என்று அருகே அச்சிடப்பட்ட திருகாணிகளை மட்டும் எடுத்தால் போதும். ஆனால் பவர் சப்ளை பெட்டியைத் திறப்பதை, தொலைக்காட்சிப் பெட்டி பழுதுபார்த்துப் பழகிய ஒருவரிடம் விட்டுவிடுங்கள். அதிலுள்ள பெரிய மின்தேக்கி, இணைப்பைப் பிடுங்கிய பிறகும் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கக்கூடும். தேன் நிற மின்தேக்கிகளை எடுத்துவிட்டு, அவற்றின் மேல் எழுதியுள்ள அளவிலேயே, மின்வழிக்கென்று தரச்சான்று பெற்ற எக்ஸ்2 வகையை வாங்கிப் பொருத்தச் சொல்லுங்கள். பிறகு, பலகையோடு இணைக்காமல் தனியே ஒரு மின்சுமையைக் கொடுத்து, 5 வோல்ட் சரியாக வருகிறதா என்று அளந்துவிட்டுத்தான் இணைக்க வேண்டும்.

நல்ல நிலையில் இருந்தால், இயக்கியவுடன் தாழ்ந்த ஒலி ஒன்றும் தொடர்ந்து குறுகிய உயர்ந்த ஒலி ஒன்றும் கேட்கும். தாழ்ந்த ஒலி நிற்காமல் தொடர்ந்தால் கணினி விழிக்கவில்லை என்று பொருள்; அதற்காக மனம் தளர வேண்டாம். இணைப்பை நீக்கிவிட்டு, சாக்கெட்டுகளில் செருகிய சிப்புகளை மெல்ல எழுப்பி மீண்டும் அழுத்தினாலே, கால்களில் படிந்த துரு உரசி நீங்கிப் பல கணினிகள் உயிர்பெற்றிருக்கின்றன.

மஞ்சளைப் பொறுத்தவரை, ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைக்கும் முறை 2008 முதல் பரவலாகி இருக்கிறது. என் இரண்டு கணினிகளுக்கு அப்படிச் செய்து, புதிதுபோல ஆக்கினேன். நீங்களும் செய்யலாம்.

கேம் நதிக்கரை எழுதியது:

மின்தேக்கிகளைப் பற்றி நண்பர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் வழிமொழிகிறேன். பெராக்சைடு விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். பூச்சு எங்கே மெலிகிறதோ அங்கே திட்டுத்திட்டாக வெளுக்கும். பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை அடையலாம். இருட்டில் வைத்தாலும் மஞ்சள் திரும்பி வருவதைப் பலர் கண்டிருக்கிறார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, உங்கள் கணினியின் ஒரு பக்கம் மட்டும் நிறம் மாறியிருப்பது. அது ஆண்டுக்கணக்கில் ஏதோ ஒரு வகுப்பறைச் சன்னலின் ஓரத்தில் இருந்திருக்க வேண்டும். சோப்புக் கரைசலில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும் என்பது என் கருத்து.

நான் கேம்பிரிட்ஜில் வசிக்கிறேன். இக்கணினியை உருவாக்கிய ஏகார்ன் நிறுவனம் இவ்வூரில்தான் இருந்தது. பி.பி.சி. தொலைக்காட்சி நாட்டு மக்களுக்குக் கணினி கற்பிக்கத் திட்டமிட்டபோது, அதற்கான கணினியாக இது 1981 டிசம்பரில் வெளிவந்து, பிறகு 15 லட்சத்துக்கும் மேல் விற்றது. பெட்டியை வடிவமைத்தவர் ஆலன் பூத்ராய்ட். இசை கேட்பதற்கான விலை உயர்ந்த ஒலிக்கருவிகளுக்கு வடிவம் கொடுத்த அந்தக் கை, பள்ளிக்கூடத்துக்கான பெட்டியிலும் தெரிகிறது. வெளிர்ப் பெட்டியில் கறுப்பு விசைகள், அவற்றுக்கு மேலே ஒரு சிவப்பு வரிசை, புள்ளிகளால் ஆன சிறிய ஆந்தை. இவற்றைத் தவிர அலங்காரம் எதுவும் இல்லை. அந்தச் சிவப்பு விசைகளுக்கு என்ன வேலை என்பதைப் பயன்படுத்துபவரே முடிவு செய்யலாம். அதற்காகவே பெயரெழுதிச் செருகும் பட்டையை வைத்தார்கள். உங்கள் பெரியப்பா அதில் தமிழில் எழுதி வைத்தார் என்று படித்தபோது, நெடுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காகிதத்தை உருவி எடுக்காமல், முதலில் இருக்கும் இடத்திலேயே நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துவிடுங்கள்.

உங்கள் மகனிடம் ஒன்று சொல்லுங்கள். கணினியின் அடிப்பக்கத்தில் ‘டியூப்’ என்ற இணைப்பு இருக்கிறது. இரண்டாவது செயலி ஒன்றை வெளியிலிருந்து சேர்ப்பதற்காக வைக்கப்பட்டது அது. ஏகார்னின் பொறியாளர்கள் ஸ்டீவ் ஃபர்பரும் சோஃபி வில்சனும் உருவாக்கிய ‘ஆர்ம்’ என்ற செயலியின் முதல் சிப் 1985 ஏப்ரலில் வந்தபோது, ஒரு பி.பி.சி. மைக்ரோவுடன் இந்த வழியில் இணைத்துத்தான் அதை ஓட்டிப் பார்த்தார்கள். ராஸ்பெரி பைக்குள் இருப்பதும் ஆர்ம்தான். அதற்கு ‘மாடல் ஏ’, ‘மாடல் பி’ என்று பெயர் வைத்ததும் இந்தக் கணினியை நினைத்துத்தான். ஆர்வலர்கள் எழுதிய நிரலின் துணையுடன் ராஸ்பெரி பையை டியூப் இணைப்பில் மாட்டி, இரண்டாவது செயலியாகவே பயன்படுத்த முடியும். ஒரு கம்பியைக்கூட வெட்ட வேண்டியதில்லை.

ப்ளெச்லி பார்க்கிலுள்ள தேசியக் கணினி அருங்காட்சியகத்தில் ஒரு வகுப்பறை முழுவதும் பி.பி.சி. மைக்ரோக்களை வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்குள் அல்ல, மேசைகளின் மேல். குழந்தைகள் உட்கார்ந்து, தங்கள் பெயரைத் திரை முழுவதும் ஓடவிடும் இரண்டு வரி நிரலை அடிக்கிறார்கள். என் மகளும் அடித்தாள். பெட்டியின் வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

ஒலிநாடா எழுதியது:

அம்மா, கணினியைப் பற்றிப் போதுமான அளவு சொல்லிவிட்டார்கள். நான் கேசட்டுகளைப் பற்றிப் பேச வேண்டும். ஏனென்றால் நீங்கள் முதலில் தொட வேண்டியவை அவையே. பி.பி.சி. மைக்ரோவை இன்றும் விலைக்கு வாங்கலாம். கையில் ஒன்றும் இல்லாதவர்கள் அதைப் போலவே இயங்கும் எமுலேட்டர் மென்பொருளை உலாவியிலேயே ஓட்டலாம். ‘எழுத்து 3’ உலகில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

உங்கள் நோட்டில் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியும். இக்கணினியில் புதிய எழுத்தைப் படைக்க, ‘வி.டி.யூ. 23’ என்ற கட்டளையில் தொடங்கி, எழுத்தின் எண்ணையும், எட்டு வரிசைகளில் எந்தெந்தப் புள்ளிகள் தெரிய வேண்டும் என்று குறிக்கும் எட்டு எண்களையும் கொடுக்க வேண்டும். ‘வி.டி.யூ. 23, 224, 64, 64, 64, 64, 64, 64, 126, 0’ என்று அடித்தால் 224ஆம் எழுத்து ‘ட’ ஆகிவிடும். ஆறு 64களை 66 ஆக மாற்றினால் ‘ப’. இந்த இரண்டும் எளியவை. ‘ண’ எட்டுப் புள்ளி அகலத்துக்குள் அடங்காது. இரண்டு கட்டங்களை அடுத்தடுத்து வைத்துத்தான் வரைய வேண்டியிருக்கும். மேலும், சாதாரணமாக இப்படிப் படைக்கக் கிடைப்பவை 32 எழுத்துகள் மட்டுமே. உயிர், மெய், ஆய்தம் ஆகியவற்றுக்கே 31 வேண்டும்; பிறகு கொக்கிகள், கொம்புகள், உகர ஊகார வடிவங்கள் எல்லாம் இருக்கின்றன. கூடுதல் இடம் வேண்டுமானால், ஒவ்வொரு 32 எழுத்துக்கும் 256 பைட்டை நிரலின் பங்கிலிருந்து விட்டுக்கொடுக்க வேண்டும். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதால் ‘லை’, ‘னை’ போன்றவற்றின் பழைய தும்பிக்கை வடிவங்களுக்குத் தனி இடம் தேவைப்படாமல் போனது. கட்டங்களை எண்ணி எண்ணி வரைந்த ஒருவருக்கு அது பேருதவியாக இருந்திருக்கும். நோட்டில் அந்த எழுத்துகளை எப்படி அமைத்திருக்கிறார் என்று பாருங்கள்.

இனி, செய்ய வேண்டியவை. கேசட்டின் மேல்விளிம்பிலுள்ள இரண்டு சிறு தகடுகளையும் இன்றே உடைத்துவிடுங்கள். அதன் பிறகு தவறுதலாகக்கூட யாரும் அதன்மேல் பதிவு செய்ய முடியாது. பூஞ்சை தெரிந்தால் ஓட்டாதீர்கள். நாடாவைப் படிக்கும் ஹெட்டின்மேல் அதை அழுத்திப் பிடிக்கும் சிறிய கம்பளித் துண்டின் பசை உலர்ந்து விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். நல்ல டேப் ரிக்கார்டர் ஒன்றின் ஹெட்டைச் சுத்தம் செய்து, இரைச்சல் குறைக்கும் வசதிகளை அணைத்துவிட்டு, மடிக்கணினியில் சுருக்காத ஒலிக்கோப்பாகப் பதியுங்கள்; எம்.பி.3 வேண்டாம், அது அலையின் வடிவத்தையே மாற்றிவிடும். ஹெட்டின் ஓரத்திலுள்ள சிறிய திருகாணியை மெல்லத் திருப்பி, ஒலி மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று முறை பதியுங்கள்.

மூன்று முறை ஏன் என்றால், இந்தக் கணினி நிரலை 256 பைட் கொண்ட துண்டுகளாகப் பிரித்து, துண்டுதோறும் சரிபார்ப்பு எண்ணோடு பதிகிறது. சுழியம் 1200 ஹெர்ட்ஸில் ஓர் அலை. ஒன்று 2400 ஹெர்ட்ஸில் இரண்டு அலைகள். ஒரு பதிவில் கெட்ட துண்டு மற்றொரு பதிவில் நன்றாக இருந்தால், அங்கிருந்து எடுத்து இங்கே ஒட்டலாம். அதற்கான மென்பொருள்களை ஆர்வலர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கிலாந்தில் 1086ஆம் ஆண்டு எழுதப்பட்ட டூம்ஸ்டே நில ஆவணத்தின் 900ஆம் ஆண்டு நிறைவுக்காக, பி.பி.சி. 1986இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் பங்களிப்போடு பிரிட்டனைப் பற்றிய செய்திகளைத் திரட்டி, இதே குடும்பத்தைச் சேர்ந்த கணினியில் ஓடும் லேசர் வட்டுகளில் வெளியிட்டது. பதினாறே ஆண்டுகளில் அவற்றைப் படிக்கும் கருவிகள் அரிதாகி, மீட்பதற்கு ஆய்வாளர்கள் பெரும்பாடு பட வேண்டியதாயிற்று. தோலில் எழுதிய பழைய ஆவணத்தை இன்றும் வாசிக்கலாம். நம் முன்னோர் ஏடு செல்லரிக்கும் முன்பே புது ஓலையில் பெயர்த்தெழுதினார்கள். அதே வேலைதான் இது.

வைகை மீனா எழுதியது (மூன்று வாரங்களுக்குப் பின்):

அனைவருக்கும் நன்றி. தகடுகளை அன்றே உடைத்துவிட்டேன். மகன் பெரியப்பாவின் பழைய டேப் ரிக்கார்டரையே சரிசெய்து பதிவுகளை எடுத்தான். ‘எழுத்து 3’ முழுவதும் கிடைத்துவிட்டது. இரண்டு துண்டுகள் முதல் பதிவில் கெட்டிருந்து மூன்றாம் பதிவில் சரியாக வந்தன. நீங்கள் கேட்டபடி பார்த்தேன், ஐயா. ‘லை’, ‘ளை’, ‘னை’ எல்லாம் புதிய முறையில், ஒற்றை ஐகாரக் குறியைப் பயன்படுத்தியே இருக்கின்றன. ‘ண’ இரண்டு கட்டங்களில் இருக்கிறது. நோட்டில் உள்ள ‘ற’வும் கேசட்டில் உள்ள ‘ற’வும் வேறுபடுகின்றன, கேசட்டில் கால் ஒரு வரிசை கீழே இறங்கி அழகாக இருக்கிறது. எழுதிய பிறகும் திருத்தியிருக்கிறார்.

பவர் சப்ளையில் உறையில் விரிசல் விழுந்த மின்தேக்கிகள் இரண்டு இருந்தன. மாற்றியபின் கணினி இரண்டு ஒலிகளையும் எழுப்பி விழித்தது. பெட்டியைத் துடைத்ததோடு நிறுத்திக்கொண்டோம். மகன் இப்போது டியூப் இணைப்பைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறான்.

பின்னக் கணக்குக் கேசட்டில்தான் சிக்கல். நான்காவது கணக்கு வரை ஓடுகிறது. ‘மூன்று மாணவர்களுக்கு இரண்டு அதிரசங்களைச் சமமாகப் பங்கிடுக’ என்று திரையில் வருகிறது. அடுத்த துண்டு ஆறு பதிவுகளிலும் ஒரே இடத்தில் கெட்டிருக்கிறது.

ஒலிநாடா எழுதியது:

ஒரே இடத்தில் கெடுகிறது என்றால் நாடாவில் மடிப்பு விழுந்திருக்கலாம். அந்த இடத்தை மீண்டும் மீண்டும் ஓட்டாதீர்கள். மறுபக்கத்தையும் முழுவதுமாகக் கேட்டுப் பாருங்கள். அக்காலத்து ஆசிரியர்களில் பலர் அதே நிரலை இரண்டு பக்கங்களிலும் பதிந்து வைப்பார்கள். அங்கும் இல்லையென்றால் ஆறு பதிவுகளையும் இங்கே ஏற்றுங்கள். அலைகளைப் பெரிதாக்கி, கண்ணால் பார்த்து ஒவ்வொரு பிட்டாக எழுதிவிடலாம். 256 பைட் என்பது 2048 பிட்டுகள்தான். ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.