பாமினியில் பழகிய கைக்கு லினக்ஸில் வழி உண்டா?

வணக்கம் உறவுகளே, களுவாஞ்சிக்குடியில் இருந்து எழுதுகிறேன். 2025 ஒக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. என் பழைய லப்டொப்பில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாததால் விண்டோஸ் 11க்குப் போகவில்லை. சரி என்று மகன் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டுத் தந்தான். பின்னேரத்தில் படம் பார்க்க, பாட்டுக் கேட்க ஒரு குறையும் இல்லை.

சிக்கல் எழுத்தில்தான். பல வருடமாகக் கோயில் நோட்டீஸ் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவன் நான். அந்தப் பைல்களை மின்டில் உள்ள லிப்ரே ஆபிஸில் திறந்தால் 'அம்மா' ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கிறது! எழுத்துருவை நிறுவியதும் பழையதை வாசிக்க முடிகிறது. ஆனால் வாட்ஸப்பில் அனுப்ப, எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் எழுத்து வேண்டுமே.

தமிழ்99 என்ற வேறு விசைப்பலகை முறையைப் பழகச் சொல்கிறான் மகன். இந்த வயதில் விரல் கேட்குமா? பாமினி விசைகளிலேயே அடித்து யூனிகோட் வரவைக்க மின்டில் என்ன செய்யலாம்? பழைய பைல்களை இணையம் இல்லாமல் மாற்ற ஏதும் இருந்தாலும் சொல்லுங்கோ.