வாலூன் ஏரிக்கரையில் வீடு வாங்கலாமா?

கேள்வி: வெண்டைக்காய்
நாங்கள் டெட்ராய்ட் பக்கம் இருக்கிறோம். போன ஜூலையில் வட மிச்சிகனில் பெட்டாஸ்கி ஊர் அருகே வாலூன் ஏரிக்குப் போய் வந்ததிலிருந்து என் வீட்டுக்காரர் அங்கே விற்பனைக்கு வரும் வீடுகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கால் நகத்து மருதாணி தெரிகிறது, அவ்வளவு தெளிவு. எனக்கோ அந்தக் கரையில் இருக்கும் எழுத்தாளர் ஹெமிங்வேயின் வீட்டுக்குள் போய்ப் பார்க்க ஆசை, டிக்கெட் விவரமே கிடைக்கவில்லை. கரையோர வீடு சம்பளக்காரர்களுக்குக் கட்டுப்படியாகுமா? வரி எப்படி?

தூண்டில்காரன்
டிக்கெட்டே கிடையாதுங்க. விண்டமியர் என்ற அந்த ஹெமிங்வே வீடு இன்னும் தனியார் வீடு, 1968ல் தேசிய வரலாற்றுச் சின்னம் ஆக்கியும் உள்ளே விடுவதில்லை. படகில் போய்த் தள்ளி நின்று பார்க்கலாம். ஹெமிங்வே 1899ல் பிறந்தவர், கைக்குழந்தையாகவே இந்த ஏரிக்கு வந்துவிட்டார். 1921ல் ஹார்டன் பேயில் கல்யாணம், தேனிலவு இதே வீட்டில். போவதற்கு முன் அவர் எழுதிய நிக் ஆடம்ஸ் கதைகளைப் படித்துவிடுங்கள். ஒரு கதையில் விடிகாலைக் குளிரில் பையன் நிக் படகிலிருந்து கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே வருவான், தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். நானும் செய்து பார்த்தேன், நிஜம்தான்.

கணக்கப்பிள்ளை
வெண்டைக்காய், விற்பவர் கட்டும் வரியைப் பார்த்து ஏமாறாதீர்கள். நான் வேறொரு ஏரியில் ஏமாந்தேன், தரகர் பழைய ரசீதைத்தான் காட்டினார். மிச்சிகனில் ஒரே ஆள் கையில் இருக்கும்வரை வரிமதிப்பு, அதாவது வரி போடக் கணக்கில் எடுக்கும் வீட்டு மதிப்பு, வருஷத்துக்கு விலைவாசி ஏற்றம் அல்லது 5 சதவீதம், எது குறைவோ அவ்வளவுதான் ஏறும், 1994ல் வந்த ஏற்பாடு. வீடு கைமாறினால் அடுத்த வருஷமே அந்த உச்சவரம்பு போய்விடும், வரிமதிப்பு சந்தை விலையில் பாதி என்று புதுக்கணக்கு. அப்புறம், நிரந்தரமாகக் குடியிருக்காத வீடென்றால் பள்ளிக்கென்று 1000 டாலர் வரிமதிப்புக்கு 18 டாலர் வரை தனியாக.

பாசி
தெளிவைப் பற்றி ஒன்று. அடியில் வெள்ளையாகத் தெரிவது சுண்ணாம்புச் சேறு, அது படியும்போது பாசிக்குத் தீனியான பாஸ்பரஸையும் கொஞ்சம் கீழே இழுத்துப் போய்விடும். ஆனால் வெளியிலிருந்து வந்த வரிக்குதிரைச் சிப்பிகளும் (zebra mussel) தண்ணீரை வடிகட்டுகின்றன, அப்படி அவை எடுத்துத் தின்பது மீன்குஞ்சு தின்ன வேண்டிய நுண்ணுயிர். ஆகவே கண்ணாடி மாதிரித் தண்ணீர் என்றால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. சிப்பி காலைக் கிழிக்கும், செருப்போடு இறங்குங்கள். வாங்குவதானால் முதலில் செப்டிக் டேங்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

வெண்டைக்காய்
வரிக்கணக்கைப் படித்ததும் மனுஷர் லேப்டாப்பை மூடிவிட்டார். ஆகஸ்டில் ஒரு வாரம் வாடகைக்கு எடுக்கிறோம். பாசி, ரப்பர் செருப்பு போதுமா?